குதிரைப் பந்தயமும் குலங்களின் உடன்படிக்கையும்

திருவேற்காட்டின் கிழக்குப் புறத்தே மதுரவாயல் வழியாகச் சென்னைப் புறவழிச்சாலை செல்கிறது. மேற்குப் புறத்தே வண்டலூரிலிருந்து மீஞ்சூர் நோக்கி வெளிவட்டச் சாலை செல்கிறது. நள்ளிரவுக்குப் பின் இவ்விரு சாலைகளின் திசையிலிருந்து இருசக்கர வாகனங்களின் பேரிரைச்சல் எழும்போது, எங்கோ இளைஞர்கள் பந்தயம் ஓட்டுகிறார்கள் என்று இப்பகுதியினர் அறிந்துகொள்வர்.

சில ஆண்டுகளுக்கு முன், இப்பகுதி மஹல்லா ஒன்றைச் சேர்ந்த இரு இளைஞர்கள் இத்தகைய பந்தயம் ஒன்றில் இறங்கினர். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒரே மதரஸாவில் ஓதியவர்கள். ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் பணயம். பாதி வழியில் ஒருவன் விழுந்து கால் முறிந்தான். மற்றவனின் தோழர்கள் வேண்டுமென்றே குறுக்கே வண்டியைச் செலுத்தித் தன்னை மறித்தனர் என்பது விழுந்தவனின் குற்றச்சாட்டு. அதை மற்றவன் மறுத்ததோடு, பணயப் பணத்தையும் கேட்டான். இரு குடும்பத்தாரும் ஒருவருக்கொருவர் ஸலாம் கூறுவதை நிறுத்தினர். ஜுமுஆவில் ஒரே ஸஃப்பில் நிற்பதையும் தவிர்த்தனர்.

அந்த வாரம் என் வகுப்பில் ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மாவின் முஅல்லகா பாடமாக இருந்தது. அக்கவிதை பிறந்த சூழலை விளக்கிக்கொண்டிருந்தபோது, 1400 ஆண்டுகளுக்கு முற்பட்ட நஜ்துப் பாலைவனத்தின் கதையை நான் சொல்கிறேனா, அடுத்த தெருவின் கதையைச் சொல்கிறேனா என்ற மயக்கம் எனக்கே ஏற்பட்டது. அந்த மயக்கத்தின் விளைவே இக்கட்டுரை.

ஒரு சொல், இரு பொருள்

தமிழில் 'பந்தயம்' என்னும் சொல் ஓட்டப் போட்டியையும் குறிக்கும். அதன்மீது கட்டப்படும் பணயத்தையும் குறிக்கும். 'குதிரைப் பந்தயம்' என்கிறோம், 'பந்தயம் கட்டுகிறாயா?' என்றும் கேட்கிறோம். வழக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அரபு மொழியோ இவ்விரண்டையும் ஓர் உயிர்க்குறியால் பிரித்து வைத்திருக்கிறது. நடு எழுத்தாகிய 'பா'வுக்கு ஸுகூன் இட்டு 'ஸப்க்' என்றால் முந்துதல். அதே எழுத்துக்கு ஃபத்ஹா இட்டு 'ஸபக்' என்றால் முந்தியவர் பெறும் பணயப் பொருள். பின்னே நாம் காணவிருக்கும் நபிமொழி ஒன்றின் பொருளே இந்த ஃபத்ஹாவைச் சார்ந்து நிற்கிறது.

பந்தயத்தில் வரும் குதிரைகளுக்கு வரிசைப்படி தனித்தனிப் பெயரிட்ட மொழி அரபு. முதலில் வருவது 'முஜல்லீ'. இரண்டாவதாக வருவது 'முஸல்லீ'. முன்செல்லும் குதிரையின் பின்தொடையை ஒட்டி அதன் தலை வருவதால் அப்பெயர். இறுதியில் வருவது 'ஸுகைத்'. தொழுகையாளியைக் குறிக்கும் 'முஸல்லீ' என்னும் சொல்லையும் இதனோடு தொடர்புபடுத்தும் மொழியறிஞர்கள் உண்டு. பந்தயம் அம்மக்களின் வாழ்வோடு எவ்வளவு இரண்டறக் கலந்திருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

தாஹிஸ்: ஒரு குதிரையால் விளைந்த போர்

ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அப்ஸ், துப்யான் என்னும் இரு குலங்கள் நஜ்துப் பகுதியில் வாழ்ந்தன. இரண்டும் கதஃபான் என்னும் பெருங்குலத்தின் கிளைகள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை. அப்ஸ் குலத் தலைவர் கைஸ் இப்னு ஸுஹைர். துப்யானின் ஃபஸாரா கிளைக்குத் தலைவர் ஹுதைஃபா இப்னு பத்ர்.

இவ்விருவர் தரப்புக் குதிரைகளிடையே ஒரு பந்தயம் உறுதியாயிற்று. தாஹிஸ் என்பது ஆண் குதிரை; கப்ரா என்பது பெண் குதிரை. கப்ரா எவருடையது என்பதில் அறிவிப்பாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. தாஹிஸ் கைஸுடையது என்பதில் ஐயமில்லை. பணயம் சிறு அளவில் தொடங்கி, வீம்பினால் வளர்ந்து, 100 ஒட்டகங்களில் வந்து நின்றது. ஓடு தூரம் 100 அம்பெய் தூரம் என வகுக்கப்பட்டது.

தாஹிஸ் முந்தி வந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு பள்ளத்தாக்கில் ஹுதைஃபாவின் தரப்பினர் சிலர் மறைந்திருந்தனர். அவர்கள் பாய்ந்து எழுந்து, குதிரையின் முகத்தில் அறைந்து, அதைத் திசை திருப்பினர். அந்த ஓர் அறையில் பந்தயம் முடிந்து பகை தொடங்கியது.

இரு தரப்பும் பணயத்தைக் கேட்டன. வழக்கு முற்றி, ஹுதைஃபாவின் நெருங்கிய உறவினர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்கு ஈடாக 100 ஒட்டகங்கள் கொடுக்கப்பட்டதாகவும் அறிவிப்புகள் கூறுகின்றன. ஆயினும் பழியுணர்ச்சி தணியவில்லை. கைஸின் சகோதரர் மாலிக் கொல்லப்பட்டார். பின்னர் 'ஹபாஆ' என்னும் நீர்நிலையருகே ஹுதைஃபாவும் அவருடைய சகோதரர் ஹமலும் வெட்டுண்டனர். மாவீரர் அந்தரா அப்ஸ் குலத்தவராகப் போரிட்டது இப்போர்களில்தாம். பகை 40 ஆண்டுகள் நீடித்தது என்பது அரபு மரபு.

இங்கே கூட்டணிகளுக்கு நேர்ந்த கதியையும் கவனிக்க வேண்டும். கதஃபான் என்னும் ஒரே குடையின்கீழ் இருந்த அப்ஸ் குலத்தார், தம் சொந்தச் சகோதரக் குலத்துக்கு அஞ்சி ஊர் ஊராகப் பெயர்ந்தனர். அயலாராகிய பனூ ஆமிர் குலத்தாரிடம் அடைக்கலம் தேடிக் கூட்டுச் சேர்ந்தனர். உடன்பிறந்தவன் பகைவனாகவும் பிறத்தியான் துணைவனாகவும் மாறினான். ஒரு குதிரையின் முகத்தில் விழுந்த அறை ஒரு குலக் கூட்டணியின் முகத்தில் விழுந்த அறையாயிற்று.

இப்போரை முடித்து வைத்தவர்கள் ஹாரிஸ் இப்னு அவ்ஃப், ஹரிம் இப்னு ஸினான் ஆகிய இருவர். துப்யானின் முர்ரா கிளையைச் சேர்ந்த இவர்களுக்குப் பந்தயத்திலும் பங்கில்லை, பணயத்திலும் பங்கில்லை. இரு தரப்பிலும் மாண்டோரைக் கணக்கிட்டு, மிகுதியாக இழந்த தரப்புக்குச் சேர வேண்டிய இரத்த ஈட்டை இவ்விருவரும் தம் சொந்தச் செல்வத்திலிருந்து ஏற்றனர். மூன்று ஆண்டுகளில் 3,000 ஒட்டகங்கள் கொடுத்ததாக மரபு கூறுகிறது.

அந்த அமைதியும் எளிதில் நிலைக்கவில்லை. ஹுஸைன் இப்னு ளம்ளம் என்பவர், கொல்லப்பட்ட தம் சகோதரருக்குப் பழியாக அப்ஸ் குலத்தவர் ஒருவரைக் கொன்றுவிட்டார். அப்ஸ் குலத்தார் வெகுண்டெழுந்தனர். அப்போது ஹாரிஸ் 100 ஒட்டகங்களையும் அவற்றோடு தம் மகனையும் அவர்களிடம் அனுப்பினார். ஒட்டகங்களை ஏற்பதா, உயிருக்கு உயிராக என் மகனைக் கொல்வதா, நீங்களே முடிவு செய்யுங்கள் என்பது அவர் விடுத்த செய்தி. அப்ஸ் குலத்தார் ஒட்டகங்களை ஏற்று அமைதியைத் தேர்ந்தனர்.

ஸுஹைரின் முஅல்லகா புகழ்ந்து பாடுவது போர்க்களத்து வீரரை அன்று. தாம் கொடுக்கக் கடமைப்படாத ஒன்றைத் தம் கையிலிருந்து கொடுத்த இந்த இருவரையே அது புகழ்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுன் 'பானத் ஸுஆத்' பாடிப் போர்வையைப் பரிசாகப் பெற்ற கஅப் (ரலி) அவர்கள் இந்த ஸுஹைரின் மகனார் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

நடுவர் கட்சி சேர்ந்தால்

இக்கேடு அரபுப் பாலைவனத்துக்கு மட்டும் உரியதன்று. அதே நூற்றாண்டில், நாகரிகத்தின் உச்சியில் இருந்ததாகக் கருதப்பட்ட கான்ஸ்டான்டிநோபிளின் தேரோட்டப் பந்தயக் களத்தில் நீலர், பச்சையர் என இரு கட்சிகள் இருந்தன. தேரோட்டிகள் அணிந்த நிறமே கட்சியின் பெயராயிற்று. நாளடைவில் பந்தயக் கட்சிகள் அரசியல் கட்சிகளாயின. பேரரசர் ஜஸ்டினியன் நீலர் கட்சியின் ஆதரவாளர் என்பது ஊரறிந்த செய்தி. எனவே இரு தரப்புக்கும் பொதுவானவராக அவரால் விளங்க இயலவில்லை. 532-ஆம் ஆண்டு ஜனவரியில் இரு கட்சிகளும் பகை மறந்து கூட்டுச் சேர்ந்து அவருக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்தன. நகரம் எரிந்தது. பந்தயக் களத்துக்குள் படை புகுந்து சுமார் 30,000 பேரைக் கொன்றதாக அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியுள்ளார்.

நஜ்தில் அமைதி பிறந்ததற்கும் கான்ஸ்டான்டிநோபிளில் அழிவு நேர்ந்ததற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒன்றே. அங்கே மூன்றாமவர் தம் கையிலிருந்து கொடுத்தார். இங்கே மூன்றாமவராக இருக்க வேண்டியவர் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார்.

மதீனாவின் பந்தயக் களம்

இந்தப் பின்னணியில்தான் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் நடத்திய பந்தயங்களை நோக்க வேண்டும். பந்தயத்தால் ஒரு தலைமுறை இரத்தம் சிந்திய மக்களிடையே வந்த தூதர், பந்தயத்தையே தடை செய்திருந்தாலும் வியப்பில்லை. ஆனால் அவர்கள் அதைத் தடுக்கவில்லை, தாமே நடத்தினார்கள்.

பயிற்சி அளித்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகளை 'ஹஃப்யா' என்னுமிடத்திலிருந்து 'ஸனிய்யத்துல் வதாஃ' வரை, ஏறத்தாழ ஐந்தாறு மைல் தூரம் ஓடச் செய்தார்கள். பயிற்சி பெறாதவற்றை 'ஸனிய்யத்துல் வதாஃ'விலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் அளவே ஓடச் செய்தார்கள். இதை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்கள் தாமும் அதில் பங்கேற்றவர்கள். வலியதையும் எளியதையும் ஒரே கோட்டில் நிறுத்தாத நேர்மை இந்த ஏற்பாட்டில் வெளிப்படுகிறது.

விதிகளும் வகுக்கப்பட்டன. 'ஜலப்' கூடாது, அதாவது பின்னாலிருந்து ஆள் வைத்துக் கூச்சலிட்டுத் தன் குதிரையை விரட்டச் செய்தல் ஆகாது. 'ஜனப்' கூடாது, அதாவது பக்கத்தில் வேறொரு குதிரையை ஓட்டி வந்து, முதற்குதிரை களைத்ததும் அதற்கு மாறிக்கொள்ளுதல் ஆகாது. தாஹிஸின் கதையை அறிந்த செவிகளுக்கு இவ்விதிகளின் தேவையை எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

அடுத்தது பணயம். அம்பு, ஒட்டகம், குதிரை ஆகிய மூன்றில் தவிர 'ஸபக்' இல்லை என்பது நபிமொழியின் கருத்து. இங்கேதான் முன்னர்க் கூறிய ஃபத்ஹா பொருள் தருகிறது. பரிசுப் பொருள் வைப்பது இம்மூன்றில்தான் என்பதே கருத்து. போட்டியே கூடாது என்பதன்று. ஏனெனில் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பணயம் ஏதுமின்றி ஓட்டப் போட்டி நடத்தியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது.

அந்தப் பரிசை யார் வைப்பது? ஆட்சியாளரோ மூன்றாமவர் ஒருவரோ வைத்தால் தடையில்லை. போட்டியாளருள் ஒருவர் மட்டும் வைத்தாலும் தடையில்லை. இருவரும் வைத்து, வென்றவர் இரண்டையும் அள்ளிக்கொள்வதாயின் அது சூதாகிவிடும். அப்போது 'முஹல்லில்' எனப்படும் மூன்றாம் போட்டியாளர் ஒருவர் நுழைய வேண்டும் என ஷாஃபிஈ, ஹனஃபீ சட்ட நூல்கள் விதிக்கின்றன. அவர் எதையும் பணயம் வைக்க மாட்டார். வென்றால் பெறுவார், தோற்றால் இழக்க மாட்டார். அவருடைய குதிரையும் மற்றவற்றுக்கு நிகரானதாக இருக்க வேண்டும்; பெயருக்கு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் செல்லாது. முஹல்லில் தேவையில்லை என 'அல்ஃபுரூஸிய்யா' நூலில் வாதிட்ட இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்றோரும் உளர். ஆயினும் பெரும்பான்மைச் சட்ட அறிஞர்களின் கவலை எதைப் பற்றியது என்பது தெளிவு. இருவர் மட்டும் நேருக்கு நேர் நின்று, ஒருவரின் இழப்பே மற்றவரின் ஆதாயம் என்னும் நிலை உருவாகலாகாது. சூதாட்டத்தைத் தடுக்கும் அல்மாயிதா அத்தியாயத்தின் வசனங்கள் (5:90, 91) தடைக்குக் கூறும் காரணங்களுள் முதலாவது, அது மனிதரிடையே பகைமையையும் வெறுப்பையும் விளைவிக்கும் என்பதே ஆகும்.

தோல்வியை ஏற்கும் பக்குவமும் அங்கே கற்பிக்கப்பட்டது. நபியவர்களின் 'அள்பா' என்னும் ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்திவிட்டது. தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்த எதையும் இறைவன் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று கூறி அண்ணலார் அவர்களைத் தேற்றினார்கள். ஹுதைஃபா இப்னு பத்ருக்குத் தெரியாமற்போன பாடம் இது.

உடன்படிக்கைகளைப் பற்றியும் அதே நெறிதான். நபித்துவத்துக்கு முன், ஸபீத் ஊரைச் சேர்ந்த வணிகர் ஒருவரிடம் சரக்கு வாங்கிய மக்கத்துப் பிரமுகர் ஆஸ் இப்னு வாயில் விலை கொடுக்க மறுத்தார். அந்த அயலூராருக்கு மக்காவில் குலமும் இல்லை, கூட்டணியும் இல்லை. அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் கூடிய குறைஷியர் சிலர், அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் எனச் சூளுரைத்து, அவருடைய உரிமையை மீட்டுத் தந்தனர். அதுவே 'ஹில்ஃபுல் ஃபுளூல்'. இளமையில் அதில் கலந்துகொண்ட அண்ணலார், இஸ்லாத்தின் காலத்திலும் அத்தகைய ஒப்பந்தத்துக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்று கூறினார்கள். தன் குலத்தானுக்கு எதிராகவும் நியாயத்தின் பக்கம் நிற்கும் கூட்டணி அது.

காயலும் கிண்டியும்

அரபுக் குதிரை நம் மண்ணுக்குப் புதியதன்று. அது இங்கே வந்த வரலாறே ஓர் உடன்படிக்கையின் வரலாறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியருக்கும், பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் இப்ராஹீம் தீபிக்கும் இடையே நடந்த குதிரை வணிகத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விரிவாகப் பதிவு செய்துள்ளார். ஆண்டுதோறும் ஜமாலுத்தீனின் சொந்தக் குதிரைகள் 1,400 வந்து இறங்கும். பிறவும் உடன் வரும். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் கடலில் குதிரை இறந்தாலும் அதன் விலையைப் பாண்டியரின் கருவூலமே செலுத்தும். இழப்பு நேர்ந்தபின் வாதிடாமல், இழப்பை யார் ஏற்பது என்பதை முன்னரே பேசி முடித்த உடன்படிக்கை இது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராகவே விளங்கினார். காயல் துறைமுகம் அவர் பொறுப்பில் இருந்தது. மதம் வேறு, மொழி வேறு, நாடு வேறு. எனினும் சொல் ஒன்றாக இருந்ததால் உறவு நிலைத்தது. குதிரை வீரரைக் குறித்த 'இராவுத்தர்' என்னும் சொல் நம் சமுதாயத்தின் ஒரு பிரிவினர்க்குப் பெயராக நிற்கிறது. அருணகிரிநாதர் முருகனையே இராவுத்தன் என விளிக்கும் அளவுக்கு அச்சொல் தமிழில் மதிப்புப் பெற்றிருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் குதிரை வேறொரு களத்துக்கு வந்தது. 18-ஆம் நூற்றாண்டிலேயே சென்னையில் குதிரைப் பந்தயம் தொடங்கிவிட்டது. 1896-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவாயிற்று. கிண்டிக் குதிரைகள் ஓடின. பார்வையாளர் மேடையில் இருந்தோர் பணம் கட்டினர். அதனால் குடும்பங்கள் சீரழிவதாக எழுந்த குரலின் விளைவாக 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு நெடிது நடந்தது. குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது. எனவே அது சூதாட்டமாகாது என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் எழுப்பிய வினா, திறமையா, தற்செயலா என்பது. நம் சட்ட அறிஞர்கள் எழுப்பிய வினா வேறு. பணத்தை வைப்பவர் யார், இழப்பவர் யார் என்பதே அது. குதிரை ஓட்டுவது திறமை என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. அது நபிவழியிலேயே ஊக்குவிக்கப்பட்டது. ஆனால் குதிரை ஏறாதவர், குதிரை வளர்க்காதவர், அயலாரின் குதிரைமேல் பணம் கட்டி மற்றொருவரின் பணத்தைப் பெறுவது எந்தத் திறமையிலும் சேராது. ஓடுவோரின் திறமை, பணம் கட்டுவோரின் சூதைத் தூய்மையாக்கிவிடாது. 'ஸப்க்' வேறு, 'ஸபக்' வேறு.

2024 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் மின்விளக்கொளியில் கார்ப் பந்தயம் நடந்தது. அதே செப்டம்பரில் கிண்டிப் பந்தயத் திடலின் குத்தகையை அரசு இரத்துச் செய்து சுமார் 160 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. ஒரு களம் மூடப்படும்போது இன்னொன்று திறக்கிறது. முந்த வேண்டும் என்னும் மனித வேட்கை ஓய்வதில்லை. முறையான களமும் விதியும் நடுவரும் வேண்டுவோர்க்கு, திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி வழியே சென்றால் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயத் தடம் உண்டு. பொதுச்சாலையிலோ அனுமதியற்ற பந்தயம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம்.

மூன்றாவது கை

தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம். அந்த இரு குடும்பங்களின் வழக்கு ஜமாஅத்தில் மூன்று முறை பேசப்பட்டும் தீரவில்லை. குறுக்கே வந்தது யார் என்பதற்குச் சாட்சி இல்லை. மருத்துவச் செலவை ஏற்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று ஒரு தரப்பும், ஏற்காவிட்டால் விடமாட்டோம் என்று மறு தரப்பும் நின்றன.

நான்காம் முறை கூடியபோது, சிறு கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் எழுந்தார். அவர் எத்தரப்புக்கும் உறவினர் அல்லர். மருத்துவச் செலவில் பாதியைத் தாம் தருவதாகவும், மீதியை மஹல்லாவினர் பகிர்ந்துகொள்ளட்டும் என்றும், குற்றவாளி யார் என்ற கேள்வியை அல்லாஹ்விடம் விட்டுவிடலாம் என்றும் கூறினார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, பணயம் கேட்ட இளைஞனின் தந்தை எழுந்து, அந்தப் பெரியவர் கொடுக்கலாகாது, நானே கொடுக்கிறேன் என்றார். விழுந்தவனின் தந்தை, எனக்குப் பணம் வேண்டாம் என்றார். அடுத்த ஜுமுஆவில் இருவரும் ஒரே ஸஃப்பில் நின்றதைக் கண்டேன்.

அந்த முதியவர் முஅல்லகா ஓதியவர் அல்லர். ஹாரிஸ் இப்னு அவ்ஃபின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். ஆயினும் 3,000 ஒட்டகங்கள் செய்த வேலையை அவருடைய ஒரு சொல் செய்தது. பந்தயத்தைச் சூதிலிருந்து விலக்கவும், பகையை உடன்படிக்கையாக்கவும் வல்லது, தனக்கென எதையும் பணயம் வைக்காத அந்த மூன்றாவது கையே. நம் மஹல்லாக்களில் முந்தி ஓடும் கால்களுக்குப் பஞ்சமில்லை. அத்தகைய கைகள் எத்தனை என்பதை நாம்தாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.